மில்லியனில் பதினேழு

தரமணி சிக்னலில் லூர்து அக்கா
வெட்டிப் போடும் இளநீர் மட்டைகளை
வாரம் ஒரு சாக்கு அள்ளி வருகிறேன்.
"இன்னா கண்ணு, மாடு கீடு வச்சினுகிறியா?"
இல்லக்கா, கரி சுடறேன்.
"இம்மாம் படிச்சிட்டு கரியா?"
காசு வாங்கமாட்டாள்.

காயவைத்துப் பொடித்து
யூரியாவும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் பிசைந்து
குழாய் உலையில் வைத்து நைட்ரஜனை ஓடவிட்டால்
நிமிடத்துக்கு ஐந்து டிகிரி ஏறும்.
எண்ணூறைத் தொட இரண்டரை மணி நேரம்.
வெளியே அக்னி நட்சத்திரம்,
உள்ளே அதன் அப்பன்.
கரண்ட் போய்விடக் கூடாது என்று
எனக்கும் ஒரு வேண்டுதல் உண்டு;
எந்தச் சாமியிடம் என்பது முடிவாகவில்லை.

பொட்டாசியம் கரியைக் கடித்துக் கடித்துத்
துளை போடும். வேலை முடிந்ததும்
அமிலத்தில் கழுவி அனுப்பிவிடுவோம்.
அதுவும் உலோகம்தான்.
கூலி ஆளின் பெயரைத் தலைப்பில் போடுவதில்லை.

மிஞ்சுவது ஒரு கரண்டி கறுப்பு.
தும்மினால் போச்சு.
ஆனால் ஒரு கிராமுக்குள்
இரண்டாயிரத்து இருநூறு சதுர மீட்டர் சுவர்.
நம்மூர்க் கணக்கில்
பத்து கிரவுண்டு.
வேளச்சேரியில் மூன்று பேர் பங்கிட்ட அறையில்
ஓர் அலமாரிக்கு இடமில்லாத நான்
பத்து கிரவுண்டைக் குப்பியில் போட்டு
லேபிள் ஒட்டி
கிண்டிக்கு பஸ்ஸில் எடுத்துப் போகிறேன்,
பட்டா இல்லாமல்.

ஆக்சிஜன் அந்தச் சந்துகளில் நுழையும்.
நைட்ரஜன் குந்தியிருக்கும் மூலைகளில்
எலக்ட்ரான் வாங்கிக்கொண்டு
வேறொன்றாகித் திரும்பி வரும்.
பிளாட்டினம் பார்க்கும் வேலை இது.
தி. நகரில் கண்ணாடிக்குப் பின்னால்
விளக்கு போட்டு வைத்திருக்கும் அதே பிளாட்டினம்.
மட்டை பார்க்கிறது.
'உலோகமில்லா வினையூக்கி' என்று
தலைப்பிட்டு அனுப்பினோம்.

மூன்று மாதம் கழித்து
பெயர் தெரியாத ஒருவர் ஒரே வரி எழுதினார்:
இரும்பு இல்லையென்று எப்படித் தெரியும்?

பார்த்தோம்.
மில்லியனில் பதினேழு.

கரண்டியா? போர்வெல் தண்ணீரா? உலைத் துருவா?
ஒவ்வொன்றாக மாற்றினேன்.
பதினேழு. பதினாறு. மறுபடி பதினேழு.

ஒரு சனிக்கிழமை
தாகத்துக்கு இளநீர் குடிக்கப் போனவள்
அக்காவின் கையையே பார்த்தபடி நின்றுவிட்டேன்.
நாலு வெட்டு.
ஒவ்வொரு வெட்டுக்கும் மட்டைக்குள் இறங்கி ஏறும் அரிவாள்
ஈரத்தில் ஒரு கோடு விடுகிறது.
நான் குடித்து முடிப்பதற்குள்
அது நீலம் பாய்ந்து கறுக்கிறது.

"போன வருசம் இம்மாம் அகலம் இருந்துது இது."
தீட்டித் தீட்டிப் பிறையாகிவிட்டது.
தேய்ந்ததெல்லாம் எங்கே போனதென்று
அவள் கேட்டதில்லை.
என் குப்பியில் இருந்தது,
கொஞ்சம்.

அடுத்த தடவை முழுக்காயாக வாங்கி
கட்டையால் அடித்துப் பிளந்தேன்.
விரல் வீங்கியதுதான் மிச்சம். இல்லை,
மிச்சம் மூன்று.
மில்லியனில் மூன்று.
அது பொள்ளாச்சி மண். வேர் குடித்து
உச்சிக்கு ஏற்றிக் காயில் வைத்தது.
அதை எந்த அமிலத்தில் கழுவ?
வீங்கிய விரலுக்குள் ஓடுவதும் அதுதானே.

மின்னோட்டம் மயிரிழை குறைந்தது.
மீதி வேலை கரியுடையது,
அநேகமாக.
அந்த அநேகமாகவோடு
விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

காலையில் கோப்பைத் திறந்து
'உலோகமில்லா'வை அடித்துவிட்டு
'உலோகம் சேர்க்காத' என்று எழுதினேன்.
தலைப்பு எடுப்பா இல்லியேம்மா, என்றார் பேராசிரியர்.
இல்லைதான் சார்.

சாக்கை மடித்துக்கொண்டு இறங்கினேன்.
சிக்னலில் அக்கா
கல்லில் தண்ணீர் தெளித்துத் தீட்டிக்கொண்டிருந்தாள்.
கட்டைவிரலால் பதம் பார்த்து
அரிவாளைப் புடவையில் துடைத்தாள்.
புடவையில் ஒரு கோடு.